மாம்பூவுக்குக் கந்தகம் அடித்த தை மாதம்

மாமரம் பூத்து நிற்கும்போது அதன் அடியில் நடந்தால் தூறல் விழுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். என் வயதுக்காரர்களான உங்களில் யாராவது சேலத்துப் பக்கம் தோப்பில் வளர்ந்திருந்தால் இது தெரியும். தூறல் இல்லை அது. கம்பு மணி அளவுள்ள தத்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் பூங்கொத்தை விட்டு எழும்பி இலைகளில் மோதுகிற சத்தம். முகத்திலும் வந்து அடிக்கும். நாங்கள் கண்ணை இறுக்கிக்கொண்டு ஓடுவோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்தி. ராசிபுரத்துக்குக் கிழக்கே, போதமலை பார்வையில் படுகிற தூரத்தில் எங்கள் ஊர். எங்களுக்கு முப்பத்தாறு மாமரங்கள். பாதி குண்டு, பாதி மல்கோவா. தாத்தா காலத்தில் நட்டவை. தோப்பின் மேற்கு ஓரத்தில் வரப்பு ஒன்று. வரப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவின் பங்காளி ஒருவருடைய தோப்பு. அவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன்.

இரண்டு வருடங்களாக எங்கள் மரங்களில் காய் பிடிக்கவில்லை. பூ மட்டும் குறைவில்லாமல் வரும். மார்கழிக் கடைசியில் மரமே இளமஞ்சளாகிவிடும். அந்த வாசனை தலைவலி தருகிற அளவுக்கு இருக்கும். பிறகு பூங்கொத்துகளிலிருந்து பிசுபிசுப்பாக ஏதோ வடியத் தொடங்கும். தரையில் கிடக்கிற சருகு உள்ளங்காலில் ஒட்டும். கொஞ்ச நாளில் இலையெல்லாம் அடுப்புக்கரி பூசினது போலக் கறுத்துவிடும். நான் இலைகளைப் பறித்து, விரலால் அந்தக் கறுப்பைத் துடைத்துத் துடைத்து அ, ஆ எழுதுவேன். எனக்கு அது விளையாட்டு. மாசி பிறப்பதற்குள் பூவெல்லாம் கருகி, காம்பு மட்டும் துடைப்பக்குச்சி மாதிரி நிற்கும்.

"பனி புடிச்சிருச்சு" என்பார் அப்பா. ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பூச்சி இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பனியில் பூ அழுகுகிறது, அழுகினதைத் தின்னப் பூச்சி வருகிறது என்பது அவர்கள் கணக்கு. ஈ மொய்ப்பதால் பழம் அழுகாது, அழுகினதால்தான் ஈ மொய்க்கும் அல்லவா? அதே மாதிரி. அப்பா மூடர் இல்லை. கண்ணால் கண்டதை வைத்து யோசித்தார். யோசித்தது தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் மாம்பழத்தை விவசாயி விற்பதில்லை. பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். சேலத்திலிருந்து வருகிற மண்டிக்காரர் பூவைப் பார்த்து விலை பேசுவார். அதற்குப் பிறகு காவல், பறிப்பு எல்லாம் அவர் பாடு. இரண்டு வருடம் கையைச் சுட்டுக்கொண்ட மண்டிக்காரர் அந்த வருடம் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் பூவும் கருகினால் மாசியில் மரங்களை வெட்டி விறகுக்குக் கொடுத்துவிட்டு நிலக்கடலை போடுவது. மரம் வெட்டுகிறவர் ஒரு நாள் வந்து, ஒவ்வொரு மரத்தையும் கயிற்றால் சுற்றளந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா அன்றைக்கு மாட்டுக்குப் புல் பறிக்கிற சாக்கில் அவர் பின்னாலேயே தோப்பு முழுக்க நடந்தாள்.

அந்தத் தையில்தான் விவசாய இலாகாக்காரர் வந்தார். சைக்கிளில் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காவிரிப் பாசனத் தஞ்சாவூர்க்காரர், அவர் பேச்சே எங்களுக்கு வேறு ஊர்ப் பாட்டு மாதிரி இருந்தது. கார்க் வைத்து அடைத்த ஒரு கண்ணாடிக் குழாயில் தத்துப்பூச்சிகளைப் போட்டு வைத்திருந்தார். அதைக் கையில் வாங்கிப் பார்க்கவே நாங்கள் பிள்ளைகள் சாவடி வரைக்கும் அவர் பின்னால் போனோம். அன்றைக்கே அவருக்குப் 'பூச்சி ஐயா' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

சாவடியில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பூச்சி ஐயா பூவின் சாற்றைப் பூச்சி எப்படி உறிஞ்சுகிறது என்று விளக்கினார். மீனெண்ணெயில் செய்த சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பூங்கொத்துகள் நனைய அடித்தால் பூச்சி செத்துவிடும் என்றார். மாதிரிக்கு ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்தான். மீன் வாசமே அறியாத வீட்டுப் பிள்ளை. ஆனாலும் டப்பாவைக் கீழே வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக எல்லோருக்கும் காட்டினார். இப்போது நினைத்தால் அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, எங்க தோப்புல மரத்தடியில கன்னிமார் கல்லு இருக்குதுங்க. ஏழு கல்லு. அதும்மேல மீனெண்ணெய் சொட்டுனா ஊருக்கு ஆகுமுங்களா?"

"ஆமாங்க. அது ஆகாதுங்க" என்றார் அப்பா.

இன்னும் நாலு பேர் ஆகாது என்றார்கள். பூத்த மரம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி, அதன் மேல் மருந்தடிக்கக் கூடாது என்றார் ஒருவர். பூச்சி ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் முகம் சிவந்து, "இந்த அறியாமைதான் உங்களைக் கெடுக்கிறது" என்று சொல்லிவிட்டார். அதோடு கூட்டம் கலைந்தது. அவர் தனியாக உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

திரும்பிப் போகிற வழியில் எங்கள் தோப்புக்குப் பக்கத்தில் அவர் சைக்கிளில் முள் ஏறிவிட்டது. தள்ளிக்கொண்டே வந்தவர், கிணற்றடியில் அம்மாவைப் பார்த்து நின்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா பானையிலிருந்து பித்தளைச் செம்பில் மொண்டு என்னிடம் கொடுத்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, "முகம் கழுவ இன்னும் ஒரு செம்பு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"குடிக்கறதுக்கு எத்தன வேணும்னாலும் தாரேனுங்க. மூஞ்சி கழுவ இல்லீங்க" என்றாள் அம்மா.

அவருக்கு அது விளங்கவில்லை. கிணறு பக்கத்திலேயே இருந்தது. மாடு பூட்டிக் கவலை இறைக்கிற பெரிய கிணறு. தண்ணீர் மொள்ளுகிற தோல்சால் காய்ந்து, சுருங்கி, மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"நானே இறைத்துக்கொள்ளட்டுமா?"

அம்மா செம்பை வாங்கிப் பானை மேல் கவிழ்த்தாள். "ஏனுங்க, அந்த மீன்சோப்பு ஒரு மரத்துக்கு அடிக்க எத்தனை கொடம் தண்ணி வேணுமுங்க?"

பெரிய மரம் என்றால் இருபது குடமாவது வேண்டும் என்றார் அவர்.

"எங்களுக்கு முப்பத்தாறு மரமுங்க. மத்தவிய கெணத்தப் பத்தி நாஞ் சொல்ல மாட்டேன். எங்க கெணத்த நீங்களே எட்டிப் பாத்துக்குங்க."

அவர் போய் எட்டிப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வருடம் ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. அடியில் ஒரு மூலையில் சின்னக் குட்டை மாதிரித் தண்ணீர். அதில் ஒரு துண்டு வானம். அதுதான் எங்களுக்கும் இரண்டு மாடுகளுக்கும். அவர் நிமிரவே இல்லை.

"சாவடியில் ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லையே" என்றார்.

"எப்படிங்க சொல்லுவாங்க? தண்ணி வத்திப்போச்சுன்னு நாலு பேருத்துக்கு முன்னால சொல்லிப்போட்டா, மகனுக்குப் பொண்ணு குடுக்க எவன் வருவான்? குத்தகைக்கு எவன் வருவான்? கன்னிமார் மேல பழியப் போட்டா கன்னிமார் கோவிச்சுக்க மாட்டாங்க."

பெரியப்பா வீட்டில் அந்தத் தையில்தான் மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வயதில்லை.

"சந்தையில கருவாடு வாங்காத ஊடு இந்த ஊர்ல எதுங்க?" என்றும் அம்மா சொன்னாள்.

பூச்சி ஐயா நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "நான் இதில் வேறு மாதிரி எழுதிவிட்டேன், அம்மா. மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டேன்." பென்சிலால் அந்த வரியை அடித்தார். ஒரு முறை அல்ல, எழுத்தே தெரியாதபடி திரும்பத் திரும்ப அடித்தார். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் தான் எழுதினதைத் தானே அடிப்பதை என் ஆயுளில் அந்த ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் அவர் கந்தகத் தூளைப் பற்றிச் சொன்னார். அதற்குத் தண்ணீரே வேண்டாம். விடியற்காலையில் பூவில் பனி ஈரம் இருக்கும்போது மாவு மாதிரித் தூவினால் ஒட்டிக்கொள்ளும். பூ விரிகிறபோது ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு இன்னும் இரண்டு முறை. சேலத்தில் இலாகா கிடங்கில் இருக்கிறது, தானே கொண்டுவருகிறேன் என்றார். "முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சோப்பு கொஞ்சம் உசத்தி என்று நினைத்து அதைச் சொன்னேன்."

"நாளன்னைக்குக் கொண்டாங்க" என்றாள் அம்மா. அப்பாவைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. கந்தகத்தைவிட, வெளியூர் ஆள் கிணற்றை எட்டிப் பார்த்ததுதான் அப்பாவை முதலில் சுட்டது.

"யாரக் கேட்டுடி அவனக் கெணத்தப் பாக்க உட்ட?"

"பாத்தாத்தான தெரியும்."

"கந்தகம்னா வெடிக்குப் போடறதுடி. பூவெல்லாம் கருகிப்போகும்."

அம்மா சோளக்களி கிளறிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "மாசியில வெட்டப்போற மரம் தையில கருகுனா என்னங்க?"

அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

பூச்சி ஐயா சொன்ன நாளில் வந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு, முன்னால் கையால் சுற்றுகிற தூவும் மிஷின். அந்த மிஷின் மூன்று மரத்துக்கு மேல் வேலை செய்யவில்லை. கைப்பிடி கழன்று வந்துவிட்டது. அவர் முகம் தொங்கிப்போனது. அம்மா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய வேட்டியைக் கிழித்து, தலையணை உறை அளவில் பைகள் தைத்தாள். தூளை நிரப்பி, மூங்கில் கழி நுனியில் கட்டி, இன்னொரு கழியால் மெல்லத் தட்டினாள். மஞ்சள் புகை மாதிரிக் கொத்துக் கொத்தாகப் போய்ப் பூவில் படிந்தது. பூச்சி ஐயா வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். அந்தப் பையை அளந்து எழுதிக்கொண்டார்.

களை வெட்ட வருகிற அக்கா ஒருத்தியை அம்மா துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அவர்கள் இருவரும் தரையிலிருந்து தட்டினார்கள். உச்சிக் கொத்துகளுக்குக் கழி எட்டவில்லை. பூச்சி ஐயா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். அதற்கு முன்னால் அவர் மரம் ஏறியதில்லை என்பது எங்களுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேலிருந்து கொட்டின தூளில் எல்லோருக்கும் கண் எரிந்தது. தும்மல் நிற்கவில்லை. என் தலை, புருவம், பாவாடை எல்லாம் மஞ்சள். கந்தக நெடி இரண்டு நாள் என் தலைமுடியில் இருந்தது.

இரண்டாம் முறை அடிப்பதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. வெடியக்காலத்தில், தோப்பில், வெளியூர் வாலிபனும் பெண்களும். பெரியப்பாவே அப்பாவிடம் கேட்டாராம்: "உங்கூட்டுல வெடியால தோப்புல என்னமோ சாம்பலடிக்கறாங்களாமா?"

இரண்டாம் முறைக்கு நாங்கள் கிளம்பியபோது அப்பாவும் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. தோப்புக்கு வந்து, ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்வாயை மூடத்தான் வந்தார். கந்தகத்தின் மேல் நம்பிக்கை வைத்து அல்ல. அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனுஷன் முதல் முறை எதற்காக வருகிறான் என்பது அவ்வளவு முக்கியமா என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு அம்மா ஒரு காரியம் செய்தாள். அப்பாவின் சலவை வேட்டியை மரத்தடியில் விரித்துப் போட்டாள். தூள் அடித்து முடித்து, வெயில் ஏறி, நாங்கள் வரப்பில் உட்கார்ந்து பழையது குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, வேட்டி முழுவதும் எள் கொட்டினது போலப் பூச்சிகள். குஞ்சும் பெரிசுமாக. சில கால் உதைத்துக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை அசையவில்லை.

அப்பா குந்தி உட்கார்ந்தார். ஒன்றை நகத்தால் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து ஒரு கொத்துப் பூவை வளைத்து முகர்ந்து பார்த்தார். பூ கருகவில்லை. வேட்டியின் நாலு முனையையும் சேர்த்துப் பொட்டலமாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். நேரே சாவடிக்குப் போய், பெரியப்பா உட்கார்ந்திருந்த கல்லுக்கு முன்னால் அதை விரித்தார்.

"பனி சாகாதுங்கண்ணா" என்றார். "இது செத்திருக்குது. பாத்துக்குங்க."

பெரியப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "உங்க தோப்புப் பூச்சி" என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அப்பாவைக் கேட்காமல் அம்மாவைப் பார்த்து, "அந்தப் பை தெக்கறதுக்கு எந்தத் துணி நல்லதுங்க?" என்று கேட்டார். எங்கள் ஊரில் கந்தகம் பரவின கதை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது என்று எனக்கு எண்ணம். பூச்சி ஐயாவின் பேச்சு சரியான பேச்சுதான். ஆனால் பக்கத்துத் தோப்புக்காரன் செய்ததைக் கண்ணால் பார்க்காமல், கேட்டால் முகம் கோணாமல் சொல்ல ஓர் ஆள் இல்லாமல், யார்தான் இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் பணயம் வைப்பார்கள்?

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று சொன்னால் பொய். பெரியப்பா பிந்திவிட்டார். அவர் தோப்பில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. அங்கிருந்து கிளம்பி வந்த பூச்சிகள் எங்கள் மேற்கு வரிசையையும் தின்றன. ஒரு தோப்பு மட்டும் அடித்தால் போதாது என்று பூச்சி ஐயா முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் கிழக்குப் பக்கத்து மரங்களில் மாசி நடுவில் மிளகு மிளகாகப் பிஞ்சு பிடித்தது. அம்மா தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். எண்ணக்கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பு. மரம் வெட்டுகிறவர் சொன்ன நாளில் கோடாலியோடு வந்தார். அப்பா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பங்குனி முதல் வாரத்தில் பூச்சி ஐயாவுக்கு மாற்றல் வந்தது. எங்கோ வடக்கே, கடப்பைப் பக்கம் என்று சொன்னார். காய் அப்போது நெல்லிக்காய் அளவு. விடைபெற வந்தவர் மரம் மரமாகச் சுற்றிப் பார்த்தார். அம்மா ஒரு காயைப் பறித்துக் கொடுக்கப் போனாள். "வேண்டாம் அம்மா, மரத்திலேயே இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். அந்தப் பழத்தை அவர் தின்னவே இல்லை. அதற்கப்புறம் அவரைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. நல்லவேளை, அவர் போனபோது அப்பா ராசிபுரம் வரைக்கும் அவர் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பங்குனிக் கடைசியில் மண்டிக்காரர் வந்தார். எங்கள் தோப்பில் காய் நிற்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவும் இன்னும் நாலைந்து தோப்புக்காரர்களும் கூட வந்தார்கள். மண்டிக்காரர் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு, கிழக்கு வரிசை மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சேலத்திலிருந்து ஆத்தூர் வரை அந்த வருடம் பூ கருகாத தோப்பு அபூர்வம் என்றார்.

"கவுண்டரே, என்ன பண்ணுனீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

அம்மா கொஞ்சம் தள்ளி, கிணற்று மேட்டில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். அப்பா எப்போதும் அம்மாவை 'இவ' என்பார், 'அவ' என்பார். வெளியாட்கள் இருந்தால் 'ஊட்டுல' என்பார். அதுவும் மாட்டைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேசும்போதுதான்.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நான் வேண்டாம்னவன். அவியளக் கேளுங்க" என்றார்.

'அவியள' என்றார். ஊர்ப் பெரியவர்களைச் சொல்கிற சொல். பெரியப்பாவின் தலை சட்டென்று திரும்பியது. மண்டிக்காரருக்கு முதலில் யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. அந்த மேட்டில் வேறு பெரியவர் யாராவது நிற்கிறாரா என்று தேடினார். பிறகு புரிந்துகொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவை நோக்கி நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். சாணிக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு விநாடி திகைத்தாள். அப்பா பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து, அத்தனை பேர் பார்க்க, அவள் கையில் ஊற்றினார். அவள் கழுவிக்கொண்டாள்.

"மொதல்ல பூ விரியறதுக்கு முன்னாலயே கொத்தத் தட்டிப் பூச்சி எழும்புதான்னு பாக்கோணுமுங்க" என்று ஆரம்பித்தாள்.